யானை வாசமும் ஐந்து எழுத்தும்

ஆகஸ்டு மாதக் கடைசியில் மைசூரு அரண்மனை மதிலோரமாக நடப்பவர்களுக்கு ஒரு வாசம் பழக்கம். ஈரப் புல், கரும்புச் சக்கை, யானைச் சாணம், எங்கோ விறகடுப்பில் வேகும் சோறு எல்லாம் கலந்த வாசம். தசராவுக்காகக் காட்டு முகாம்களிலிருந்து யானைகள் வந்து இறங்கிவிட்ட சேதியைச் செய்தித்தாளுக்கு முன்பே அது சொல்லிவிடும்.

தேவராஜா மார்க்கெட்டில் கீரையும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு திரும்பிய அந்த ஓய்வுபெற்ற ஆசிரியையை அன்று நிறுத்தியது அந்த வாசமா, கூடவே காதில் விழுந்த பிள்ளைகளின் கூட்டுக்குரலா என்று அவருக்கே தெரியாது. யானைகளோடு மாவுத்தர்களும் அவர்களின் உதவியாளர்களான காவாடிகளும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் அரண்மனை வளாகத்திலேயே தங்கல். பிள்ளைகளின் படிப்பு அறுபடக் கூடாதென்று கல்வித் துறை அங்கேயே ஒரு தற்காலிகப் பள்ளி நடத்துகிறது. ஊர் அதை ‘டென்ட் ஸ்கூல்’ என்கிறது. பழைய சக ஆசிரியை ஒருவர் அந்த வருடம் அங்கே பொறுப்பில் இருந்ததால் அவரால் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார முடிந்தது.

ஆறு வயது இருக்கும், ஒரு சிறுமி எழுத்து அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தாள். அவர் அட்டையை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, “உங்க யானை எது?” என்று கன்னடத்தில் கேட்டார். கேட்டதுதான் தாமதம். முதலில் முதுகில் மணல் மூட்டை கட்டி நடக்க விடுவார்கள், அது பழகின பிறகு மர அம்பாரி, கடைசி நாளில்தான் தங்க அம்பாரி, அதன் கனம் 750 கிலோ என்று தாலீம், அதாவது ஒத்திகை, முழுவதையும் ஒப்பித்தாள். யானை முதுகில் போடும் மெத்தைக்கு ஒரு பெயர், கட்டும் கயிற்றுக்கு ஒரு பெயர், சங்கிலிக்கு ஒரு பெயர். 2020 முதல் அம்பாரி சுமந்துவந்த அபிமன்யு யானையைப் பற்றிச் சொந்தத் தாய்மாமனைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினாள்.

முதலில், பிறகு, கடைசியில் என்று வரிசை தப்பாமல் இத்தனை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு வாசிப்பு வராது என்று யார் சொன்னாலும் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். மாவுத்தர் வீட்டுப் பிள்ளைகளைக் குறைத்து எடைபோடுகிறவர்களிடம் அவர் சாபுவின் கதையைச் சொல்வது வழக்கம். எச்.டி.கோட்டே தாலூக்காவின் காராபுரத்தில் 1924இல் பிறந்த மாவுத்தர் மகன். கிப்ளிங் கதையை வைத்து எடுக்கப்பட்டு 1937இல் வெளியான ‘எலிஃபன்ட் பாய்’ படத்தில் நடித்து, லண்டன் போய், ஹாலிவுட் வரை சென்றவர்.

அந்தச் சிறுமியின் பேச்சு அவரைத் தன் பாட்டியிடம் கொண்டுபோய்விட்டது.

அவருடைய அப்பாவுக்கு அசோகபுரம் ரயில்வே பணிமனையில் வேலை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். பாட்டி கைநாட்டு. ரேஷன் கடையில் பெருவிரலை மையில் அழுத்திவிட்டு வருகிற மனுஷி. ஆனால் முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பேத்தியின் காதுக்குப் பெரிய விருந்து. புடைப்பது வேறு, கொழிப்பது வேறு, நாவுவது வேறு என்று கையால் செய்து காட்டிக்கொண்டே சொல்வாள். குருணை, தவிடு, உமி, பதர் என்று ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவாள். தினம் ஒரு விடுகதை. விடை தெரியாவிட்டால் சொல்லிவிடமாட்டாள். மறுநாள் குழம்புக்கு நறுக்கும்போது விடையான வெங்காயத்தை முகத்துக்கு நேரே நீட்டுவாள்.

கதை சொல்லும்போது இன்னும் மோசம். நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, “இப்ப நரி என்னடி செய்யும்?” என்பாள். பேத்தி ஏதாவது உளறுவாள். அதைப் பாட்டி திருத்தியதே இல்லை. உளறலையும் கதைக்குள் சேர்த்துக்கொண்டு மேலே போவாள். நரி ரயிலேறி மைசூருக்கு வந்த கதைகூட அப்படிப் பிறந்ததுதான். எத்தனையோ வருடம் கழித்து ஒரு பயிற்சி முகாமில், அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் 1988இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிக் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்ததாம். படப் புத்தகத்தை வெறுமனே வாசித்துக் காட்டாமல், நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்டு, குழந்தை சொல்வதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்ன பெற்றோர்களின் பிள்ளைகள், ஒரே மாதத்தில் பேச்சில் மற்றப் பிள்ளைகளை முந்திவிட்டார்கள் என்றது அந்த ஆய்வு. பாட்டிக்குப் புத்தகம்கூடத் தேவைப்படவில்லை.

பள்ளிக்கூடம் வேறு மாதிரி. ஸ்லேட்டு, பலப்பம், துடைக்க ஈரத்துணி. கன்னடத்தின் 49 எழுத்தும் முதலில் வரிசையாக மனப்பாடம் ஆக வேண்டும். பிறகு காகுணிதம், அதாவது உயிர்மெய் வரிசை. நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் பாடுவது தெருக்கோடி வரை கேட்கும். அவர் அதை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். ஒப்பித்தது வாசிப்பு இல்லை என்று வீட்டில் கண்டுபிடித்தது அப்பா. ஒரு நாள் சயாஜிராவ் ரோட்டில் கடைப் பலகையைக் காட்டி, “என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார். குழந்தை ‘அ’ முதல் ஆரம்பித்து விரல்விட்டு எண்ணித்தான் அந்த எழுத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பலகை படித்து முடிப்பதற்குள் கடையைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

நிஜமாக வாசிக்க வைத்தது அம்புலிமாமா. மாதா மாதம் ரயில் நிலையப் புத்தகக் கடையிலிருந்து அப்பா வாங்கி வருவார். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம் சந்தமாமா வாங்கும். 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய அந்த இதழோடு கன்னடமும் சில காலத்திலேயே சேர்ந்துகொண்டது. எல்லாம் சென்னை வடபழனியில் ஒரே இடத்தில் தயாரானவை. கதையும் ஒன்று, சித்ராவும் சங்கரும் வரைந்த படங்களும் ஒன்று. எழுத்து மட்டும் வேறு. அடுத்த வீட்டுப் பையனும் அவரும் திண்ணையில் இரண்டு இதழையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டுக்கொள்வார்கள். தோளில் வேதாளத்தோடு விக்கிரமாதித்தன் நடக்கும் படம் இரண்டிலும் இருக்கும். அவன் கன்னடத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பான். இவர் அதே வரியைத் தமிழில் எங்கே என்று துழாவுவார். அம்மா தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்திருந்தது பாதி. மீதி அந்தத் திண்ணையில் வந்து சேர்ந்தது. பையனுக்கும் பாதி தமிழ் வந்துவிட்டது என்பது கொசுறு. இப்போது அந்த இதழ் வருவதில்லை.

பள்ளியிலும் நல்ல வாத்தியார்கள் வாய்த்தார்கள். ஜி.பி.ராஜரத்தினத்தின் குழந்தைப் பாட்டுகளும் குவெம்புவின் ‘பொம்மனஹள்ளிய கிந்தரிஜோகி’யும் அந்தக் காலத்து மைசூருப் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். கிந்தரிஜோகி, ராபர்ட் பிரௌனிங்கின் குழலூதி கதையைக் கன்னட மண்ணுக்குக் கொண்டுவந்த நெடும்பாட்டு. எலிப் பட்டாளம் வரும் இடத்தை வகுப்பே எழுந்து நின்று நடித்துக் காட்டும். அர்த்தம் யாரும் கேட்டு எழுதவில்லை. ஆடி முடித்தபோது அர்த்தம் தெரிந்திருந்தது.

அவர் ஆசிரியையாகி எச்.டி.கோட்டேக்குப் போனபோதும் அங்கே இருந்தது அதே மனப்பாட முறைதான். மைசூரு மாவட்டத்தின் தென்மேற்குக் கோடி, கபினி அணை, அதற்கப்பால் நாகரஹொளே காடு. வகுப்பில் ஜேனு குருபர் பழங்குடிக் குடியிருப்பான ஹாடியிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர் மாதக்கணக்கில் வாய் திறக்கமாட்டார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது பாடப் புத்தகக் கன்னடம் அல்ல. பதிவேட்டில் ‘மந்தம்’ என்று எழுதிவிட்டுப் போக எல்லா வசதியும் இருந்தது, பலர் எழுதினார்கள்.

1995இல் அந்தத் தாலூக்காவில் ‘நலி கலி’ தொடங்கியது. மகிழ்ந்து கற்பது என்று பொருள். யுனிசெஃப் உதவி. ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் ரமாவும் பத்மநாப ராவும் சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கியிருந்த அட்டை முறையைக் கோட்டே ஆசிரியர்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றி எழுதினார்கள். மேலிருந்து வந்த உத்தரவுக்கு ஆசிரியர்கள் கையெழுத்துப் போடுகிற வழக்கம் உள்ள நாட்டில், ஆசிரியர்களே உட்கார்ந்து அட்டை எழுதியது சாதாரணச் சங்கதி இல்லை.

பெஞ்சு போனது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கறுப்புப் பட்டை தீட்டி, ஆளுக்கு ஒரு பங்கு. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி அவர்கள் வரைந்ததும் எழுதியதும் தொங்கவிடப்பட்டன. ஒரு சுவரில் கற்றல் ஏணி. எந்தப் படியில் நிற்கிறோம் என்று அவரவரே பார்த்து, அதற்கான அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். காட்டில் தேன் எடுக்கும் பருவத்தில் குடும்பத்தோடு போய்விடும் ஹாடிப் பிள்ளைகளுக்கு இது ஒன்றே பெரிய வரம்.

ஊரைக் கலக்கியது எழுத்து வரிசை. அ, ஆ, இ, ஈ இல்லை. கன்னட அட்டைகளில் முதலில் வந்தவை ர, க, ஸ, த, அ என்ற ஐந்தே எழுத்துகள். எழுத்தின் உச்சிக் கோடான தலைக்கட்டும் வளைவும் பழகுவதற்கு எளிய வடிவங்கள். ஒன்றோடொன்று சேர்ந்தால் உடனே சொல்லாகிவிடும். அரஸ என்றால் ராஜா. ஸர, கழுத்து மாலை. கரகஸ, மரம் அறுக்கும் ரம்பம். நெடில் இல்லாமல் எழுதினால் தஸர. மைசூரு மாவட்டத்துப் பிள்ளை பள்ளிக்கு வந்த சில வாரங்களிலேயே ராஜாவையும் தசராவையும் தானே வாசித்துவிடும்.

“எங்க தாத்தா காலத்திலிருந்து ‘அ’வில் ஆரம்பிக்கிறது, நீங்க ‘ர’வில் ஆரம்பிச்சா பிள்ளைக்கு விளங்குமா, மேடம்?” என்று ஒரு விவசாயி பள்ளிக்கே வந்து சண்டை போட்டார். அவர் மகளைக் கூப்பிட்டுச் சுவரில் இருந்த ஒரு அட்டையை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். தமிழ்நாட்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007–08இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலுக்கும் வேர் ரிஷிவேலியே. தமிழ் அட்டைகளில் ட, ப, ம என்று ஆரம்பித்துப் படம், பட்டம், மடம் என்று பிள்ளைகள் படித்ததைத் தமிழ்நாட்டு வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

அந்த வாய் திறக்காத பையன்களில் ஒருவனை அவர் மறப்பதில்லை. அட்டையும் ஏணியும் அவனிடம் பலிக்கவில்லை. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அவன் மரத்தைக் காட்டி ஏதோ சொன்னான். மேலே தேன்கூடு. எந்தத் தேனீ கொட்டும், எது கொட்டாது, எந்தக் கூட்டை எந்த மாதத்தில் எடுக்கலாம் என்று அவன் மொழியில் கொட்டித் தீர்த்தான். அவர் அந்தச் சொற்களை அப்படியே கன்னட எழுத்தில் சுவரில் அவன் பங்குக் கறுப்பில் எழுதினார். மறுநாள் வந்ததும் அவன் நேரே அங்கே போய் நின்று விரல் வைத்து வாசித்தான். தன் வாயிலிருந்து வந்தது என்பதால் மறக்க வழியில்லை. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன்-வார்னர் இதையே முறையாக வைத்திருந்தார். ஒவ்வொரு குழந்தையிடமும் அதற்கு வேண்டிய சொல்லைக் கேட்டு, அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார். 1963இல் வந்த அவருடைய ‘டீச்சர்’ என்ற நூல் இந்த ஆசிரியையின் கைக்கு வந்தது பணி ஓய்வுக்குப் பிறகு.

நலி கலியை அவர் கொண்டாடினாலும் முழுக்கப் புகழமாட்டார். 2009–10இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தபோது அட்டைகள் அச்சாகி மூட்டையில் வந்து இறங்கின. தாங்களே எழுதிய அட்டைக்கும் இறக்குமதியான அட்டைக்கும் உள்ள வித்தியாசம் ஆசிரியர்களின் முகத்தில் தெரிந்தது. பல வகுப்புகளில் படிப்படியாக ஏணி ஏறுவது மட்டும் மிஞ்சி, கதை நேரம் சுருங்கிப்போனது. எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்க ஒரு கதைப் புத்தகம் இல்லையென்றால் அந்த எழுத்து எதற்கு என்பது அவர் கேள்வி.

அவருடைய மகன் வீடு மைசூரு குவெம்புநகரில். நாலு வயதுப் பேரனுக்கு ஆங்கிலப் பள்ளி. 26 எழுத்தும் தெரியும், ஆப்பிளில் தொடங்கி ஜீப்ராவில் முடியும். முதுகில் பை வேறு. இதே ஊரின் யாதவகிரியில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் 1989இல் மாநிலங்களவையில் பேசிய கன்னிப் பேச்சு முழுவதும் புத்தக மூட்டை சுமந்து கூன் விழும் பிள்ளைகளைப் பற்றியதே. சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டியிடம் தமிழ் எழுத்தும் வாய்ப்பாடும் கற்று வளர்ந்தவருக்கு அந்தக் கோபம் வந்ததில் வியப்பில்லை. அவருடைய யாதவகிரி வீடு இன்று நினைவகம். அதைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளும் மூட்டையோடுதான் வருகிறார்கள்.

மருமகளுக்கு ஒரு பயம். “அத்தை, வீட்டுல தமிழ், வேலைக்கு வர்ற அக்காகிட்ட கன்னடம், ஸ்கூல்ல இங்கிலீஷ். மூணும் கலந்து குழம்பிட மாட்டானா?” இந்த ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மானசகங்கோத்ரியில் 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. அதன் முதல் இயக்குநர் தேபி பிரசன்ன பட்டநாயக், பல மொழி புழங்குவது இந்தியப் பிள்ளைக்கு இயல்பு, தாய்மொழியில் கால் ஊன்றிய பிள்ளை மற்றதைத் தாங்கும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர். பக்கத்திலேயே அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம். பேச்சு தாமதப்படும் குழந்தையை அங்கே காட்டுவது நல்லது. தமிழை நிறுத்துவது மருந்து ஆகாது என்று மாமியார் சொல்லிவிட்டார்.

“இன்னும் கூட்டெழுத்து வரலையே” என்று பேரனைவிடப் பெரிய பிள்ளைகளின் பெற்றோர்கள் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு அவர் கையில் ஒரு பதில் உண்டு. பெங்களூரு உளவியலாளர் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, கன்னடத்தின் எழுத்து வடிவங்கள் எல்லாம் படிந்து வர நாலாம், ஐந்தாம் வகுப்பு வரைகூட ஆகிறது. நம் தமிழின் 247 எழுத்துக்கும் அதே பொறுமை வேண்டும். ஒன்றாம் வகுப்பிலேயே முடிந்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்துவது ஆங்கில எழுத்துக் கணக்கை நம் எழுத்துக்குப் போடுவது.

பேரனுக்கு அவர் நடத்தும் வகுப்பு தேவராஜா மார்க்கெட்டில். நஞ்சன்கூடு ரசபாளைப் பழத்தை மோந்து பார்க்கிறான். ஈரங்கேரே கத்தரிக்காய் ஏன் பச்சையாக இருக்கிறது என்று கடைக்காரரிடமே கேட்கிறான். மைசூரு மல்லிகையை முழம் போடும்போது முழம் என்றால் எவ்வளவு என்று தன் கையை நீட்டி அளக்கிறான். அவன் முழம் சின்னது என்பதில் வருத்தம். வீட்டுக்கு வந்ததும் பார்த்ததைச் சொல்லச் சொல்லி, அவன் சொல்லும் வாக்கியத்தை அவர் பெரிய எழுத்தில் எழுதுகிறார். இப்போது சில சொற்களைக் கண்டாலே அடையாளம் தெரிகிறது. அதற்கு மேல் அவர் அவசரப்படவில்லை.

இரவில் கைபேசியில் கார்ட்டூன் கேட்டு அடம் பிடித்தால் அதே கைபேசியில் ‘ஸ்டோரிவீவர்’ திறக்கிறார். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய கதைத் தளம் அது. ஒரே படக் கதை தமிழிலும் கன்னடத்திலும் இன்னும் பல மொழிகளிலும் கிடைக்கிறது, காசு இல்லை. வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று இரவே ஒரு கதையைத் திறந்து, பக்கத்துக்கு ஒரு இடத்தில் நிறுத்தி, “இப்ப என்ன ஆகும்?” என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் தப்பாக வந்தால் திருத்த வேண்டாம்.